பச்சைப் பெட்டிக்குப் போகாத ஓட்டு

எங்கள் தொகுதியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மாட்டுவண்டியில் போக மூன்று நாளாகும். நடுவில் கொல்லிமலை நிற்பதால் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சட்டசபைக்கு நின்ற அபேட்சகர்கள் எல்லோரும் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். மலைமேல் ஏறி ஓட்டுக் கேட்டவர் ஒருவரும் இல்லை. ஏறியது நான். தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். அடிவாரத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை என்பதால் என் முழங்கால் கெட்டி என்று மேலதிகாரி முடிவுசெய்துவிட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் மூன்று தேர்தலுக்கு அங்கே ஓட்டு வாங்கப் போனேன். ஆகவே அந்த மலையின் தேர்தல் வரலாறு முழுவதும் எனக்குத் தெரியும். பெரிய வரலாறு ஒன்றும் இல்லை.

முதல் தேர்தலில் பெட்டியைத் தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு குண்டூர் நாட்டுச் சாவடியில் போய் உட்கார்ந்தேன். அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. நிலவரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் அப்போது ஓட்டு. ஓட்டர் பெயர்ப் பட்டியலான ஜாபிதா ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. அதில் பெரும்பாலோர் குண்டனி நாட்டுக்காரர்கள். அவர்கள் நாட்டில் அந்த வாரம் பார்த்துக் கோயில் திருவிழாவுக்கு நோம்பி சாட்டிவிட்டார்கள். சாட்டினால் நோம்பி முடியும்வரை ஒருவரும் நாட்டின் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்பது சாவடிக்கு முன்னால் ஓடிய ஓடை. ஓட்டர்கள் அக்கரையில் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் இக்கரையில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்தேன்.

"ஏனுங்க, பொட்டிய இந்தப் பக்கம் கொண்டாந்துருங்க" என்றார் ஒருவர்.

"சாவடியை உட்டுப் பொட்டி நவுரக் கூடாதுன்னு சட்டமுங்க."

"எங்களுக்கும் அதே சட்டந்தானுங்க" என்றார் அவர்.

சாயங்காலம் காலிப் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்துப் பத்திரமாக இறக்கினேன். ஆபீஸில் முத்திரையைச் சரிபார்த்துப் பாராட்டினார்கள்.

இரண்டாவது தேர்தலில் நான் மேலே போய்ச் சேர்ந்த பிறகு பின்னாலேயே ஓர் ஆள் ஓடிவந்தான். எதிர் அபேட்சகர் முன்பே விலகிவிட்டாராம், ஓட்டெடுப்பே இல்லையாம். ஊரில் சாமைச் சோறு போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு இறங்கினேன்.

மூன்றாவதுதான் தேர்தல் மாதிரி நடந்தது. அபேட்சகருக்கு ஒரு நிறமாகப் பெட்டிகள் வந்தன. ஓட்டர் ஒரு தட்டிக்குப் பின்னால் போய்த் தனக்குப் பிடித்த நிறப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். யாருக்குப் போட்டார் என்பது பரம ரகசியம். ஆனால் நாட்டுக் கூட்டம் முன்கூட்டியே கூடி, ஜாபிதாவில் உள்ள அத்தனை பேரும் பச்சைக்கு என்று தீர்த்துவிட்டது. ஊர்க்கவுண்டரே என்னிடம் சொன்னார்.

"நாடு ரெண்டு பேச்சுப் பேசக் கூடாதுங்க. ஒரு சீட்டுக் கொறஞ்சாலும் எங்களுக்குக் கேவலம்."

ஜாபிதாவில் ஒரே ஒரு பெண்பிள்ளையின் பெயர் இருந்தது. புருஷன் செத்தவள். அவனுடைய மிளகுக்கொடியும் சாமைக்காடும் அவள் பேரில் பட்டாவாகியிருந்தன. அந்தப் பட்டாவைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். அவளுடைய கொழுந்தன் தாலுகா ஆபீஸுக்கு ஒரு மனு கொடுத்திருந்தான். அவள் பைல் நாட்டில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள், வேறு ஆளைக் கட்டிக்கொண்டாள், இந்த ஊரிலேயே இல்லை, ஆகவே காட்டைத் தன் பேருக்கு மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. ஊர்க்கவுண்டரும் கைநாட்டு வைத்திருந்தார். மனு என் மேசைமேல்தான் கிடந்தது. விசாரணை பாக்கி.

காலையில் முக்காடு போட்ட ஒரு பெண்ணை அழைத்துவந்து அந்தப் பெயரைச் சொன்னார்கள். "புருஷன் பேரு என்னங்க?" என்று கேட்டேன். அந்த மலையில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். உயிரோடிருந்தாலும் சரி, செத்தாலும் சரி. அவள் தலையைக் குனிந்தாள். ஊர்க்கவுண்டர் அவளுக்காகச் சொன்னார். நான் சீட்டைக் கொடுத்தேன். மனுவில் இருப்பது பொய், இவள் ஊரில்தான் இருக்கிறாள் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட.

சாவடியை மூடப் போகிற நேரத்தில் பைல் நாட்டுத் தடத்திலிருந்து முழங்கால்வரை சேறோடு இன்னொரு பெண் வந்தாள். முக்காடு இல்லை.

"எம்பேரு காயிதத்துல இருக்குதுன்னு சொன்னாங்க சாமி. ஓட்டுப் போட வந்தேனுங்க" என்று பெயரைச் சொன்னாள்.

கொழுந்தன் என்னைப் பார்க்கவில்லை. ஊர்க்கவுண்டர் கூரையைப் பார்த்தார். கொழுந்தனுக்குப் பின்னால் காலையில் பார்த்த அதே முக்காட்டுச் சேலை ஒதுங்கியது; காலையில் வந்தது கொழுந்தன் பெண்டாட்டி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்க வேண்டிய கேள்வியை மறுபடி கேட்டேன்.

"புருஷன் பேரு?"

அவள் சொன்னாள். முணுமுணுக்கவில்லை, ஆளைக் கூப்பிடுகிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டார். கொழுந்தன் எழுந்து வெளியே போய்விட்டான். காலையில் ஒரு தலைகுனிவையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்ட மடையன் நான்.

"உங்க ஓட்டை வேற யாரோ போட்டுட்டாங்க அம்மிணி. இன்னொரு சீட்டுத் தாரேன். ஆனா அதைத் தனி உறையில வெக்கோணும், எண்ண மாட்டாங்க."

"எண்ணாட்டிப் போவட்டுமுங்க. நான் வந்தேன்னு எழுதுவீங்களா?"

"எழுதுவேன். எந்த நிறமுன்னு சொல்லுங்க, அதையும் எழுதோணும்."

"எங்கொழுந்தன் எதுல போட்டாரு?"

ரகசியம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாலு பேர் "பச்சை" என்றார்கள்.

"அப்ப அது வேண்டாங்க" என்றாள்.

அவள் விரல்ரேகையை வாங்கினேன். ஆளை அடையாளம் காட்டி ஊர்க்கவுண்டரும் கைநாட்டு வைக்க வேண்டும். அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"கவுண்டரே, காத்தால வந்தது இவங்கன்னு சொல்லுங்க, இல்லாட்டி இப்ப வந்தது இவங்கன்னு சொல்லுங்க. எதைச் சொன்னாலும் இவங்க ஊர்லதான் இருக்காங்கன்னு ஆகுது. மனுவுல இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. நாடு ரெண்டு பேச்சுப் பேசலாமுங்களா?"

அவர் கட்டிய கையைப் பிரித்தார். ஒரு சீட்டும் குறையக் கூடாது என்று நாட்டுக் கூட்டம் எடுத்த முடிவு அவர்கள் மனுவையே தின்றுவிட்டது. கடைசியில், "இப்ப வந்ததுதானுங்க அந்தப் புள்ள" என்று சொல்லிக் கட்டைவிரலை அழுத்தினார்.

ஆள்மாறாட்டம் என் கண்ணெதிரில் நடந்ததை நானே எழுதிக் கொடுத்ததால் எனக்கு மெமோ வந்தது. கொழுந்தனின் மனு தள்ளுபடியானது. பச்சைப் பெட்டிக்காரர் ஜெயித்துச் சட்டசபைக்குப் போனார். மலைப்பக்கம் வரவில்லை.

அன்று அந்தக் காகிதத்தின் ஈரம் காய்வதற்குள் அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"கொழுந்தன் என்னை அங்க கால் வெக்க உடலீங்க. இனி நான் எங்காட்டுக்குப் போலாமுங்களா சாமி?"

"உங்க காடு. யாரைக் கேக்கோணும்?"

"வாரேனுங்க" என்றாள். வந்த வழியில் பைல் நாட்டுக்குத் திரும்பாமல் ஊருக்குள் போகிற தடத்தில் ஏறினாள். சாவடி வாசலில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். சுவரோரம் யாரோ சாத்தி வைத்திருந்த களைக்கொத்து ஒன்றைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டு போனாள்.