எட்டாம் வகுப்பில் கேட்காத குரல்

கணக்கு டீச்சராகப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, "உனக்குப் பிடிச்சதைப் படிம்மா. எல்லாரும் கம்ப்யூட்டர்தான் படிக்கணும்னு சட்டமா இருக்கு?" என்றார். குவார்ட்டர்ஸில் என் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பொறியியலில் சேர, நான் கணிதம் படித்து பி.எட்.டும் முடித்தேன். அதனால் பிறகு நடந்ததற்கு யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பைக் கொடுத்தார்கள். மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று புரியவைக்க இரண்டு மூன்று விதமாக யோசித்துக்கொண்டு போவேன். முதல் வரியைச் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் பேச்சு கிளம்பிவிடும். கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுக்கப் பரவிவிடும். என் குரல் சிறியது. வீட்டில்கூட நான் சத்தமாகப் பேசியவள் இல்லை. முன்பெஞ்சில் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கி, "மேடம், சுனாயி நை தேரா" என்பாள் இந்தியில். கேட்கவில்லை என்று அவள் சொல்லாத நாள் குறைவு.

அதட்டிப் பார்த்தேன். அதட்டினால் எனக்கே கண் கலங்கியது. பிள்ளைகள் அதைக் கவனித்துவிட்டார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை அவர்கள். ஸ்டாஃப் ரூமுக்குத் தனியாக வந்து சந்தேகம் கேட்கும்போது அத்தனை பிரியமாக நிற்பார்கள். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் நான் பள்ளிக்கே போய்க்கொண்டிருந்தேன்.

என் முகம் வாடுவதைப் பார்த்த அப்பா, கோட்டி கடைத்தெருவில் அலைந்து, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் வாங்கி வந்தார். அம்மாவைச் சமையலறையில் நிற்க வைத்து, வாசலிலிருந்து என்னைப் பேசச் சொல்லிச் சோதித்தார். "நல்லா கேக்குது" என்று அம்மா சிரித்தாள்.

மறுநாள் வகுப்பில் மைக்கைப் போட்டு, "புத்தகத்தைத் திறங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நிஜமாகவே அமைதியானார்கள். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், தெருவில் வரும் காய்கறி வண்டியின் ஸ்பீக்கர் மாதிரியே, "ஆலூ, பியாஜ்" என்று இழுத்தான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின் மைக்கை அணைத்தேன். மணி அடிக்கும்வரை கரும்பலகையில் கணக்குகளை எழுதிக்கொண்டே இருந்தேன்.

"கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுதாம்மா?" என்றார் அப்பா, சாயங்காலம்.

"நல்லா கேட்டுதுப்பா."

அந்த வருடம் முடியும் முன் தலைமை ஆசிரியை கூப்பிட்டார். எனக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார். "ஒரு பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்க உங்களைப் போல ஆள் கிடையாது. ஆனால் என்னிடம் இருப்பது வகுப்புகள். நீங்கள் இங்கே தினமும் நோகிறீர்கள். என்னால் பார்க்க முடியவில்லை" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுக்கும்படி இல்லை. தேநீரைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடத்தோடு பள்ளியை விட்டேன். இப்போது கச்சிபௌலியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பிழைகளைத் தேடிக் கண்டுபிடித்து எழுதி அனுப்ப வேண்டும். யாரிடமும் குரல் உயர்த்த வேண்டியதில்லை. என் நிதானத்தையும் பேசாத சுபாவத்தையும் மேனேஜர் எல்லோர் முன்னாலும் பாராட்டுகிறார். இந்த வேலைக்கென்றே பிறந்தவள் என்று ஒருமுறை சொன்னார். உண்மையாகத்தான் இருக்கும். நன்றி சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். மனதில் ஒன்றும் அசையவில்லை.

கம்பெனி ஷட்டில் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் இருக்கை பிடிக்கும். ஜூனில் பள்ளிகள் திறக்கும் வாரம் மட்டும் அங்கே உட்காருவதில்லை.