வாசலுக்கு மேலே இருந்த ஏழடிக் கல்

செவ்வாயும் வெள்ளியும் மீன் வேனை வாசலில் நிறுத்திவிட்டு, "ஹேடக் எத்தனை துண்டு?" என்று கேட்கும்போதே எல்ஸ்பெத் மட்சின் பார்வை வாடிக்கையாளரின் காலடிக்குப் போய்விடும். புதிதாகக் குடிவந்தவர்கள் தங்கள் செருப்பைப் பார்க்கிறாரோ என்று கூச்சப்பட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அவர் பார்ப்பது படிக்கல்லை. கல் சிவப்பாகவும் ஓரம் செதுக்கியதாகவும் இருந்துவிட்டால், மீனைக் கொடுத்த கையோடு குனிந்து, ரப்பர் கையுறையைக் கழற்றி ஒரு தடவு தடவுவார்.

"இது கோட்டைக் கல்லு. வடக்குக் கோபுரத்துது. கொல்லைப்பக்கம் இன்னும் ரெண்டு இருக்கணுமே, எங்க?"

எங்கள் போர்ட் கோரி ஊரில் வீட்டுக்கு வீடு மட்ச் குடும்பம், தெருவுக்கு நாலு எல்ஸ்பெத். பட்டப்பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் பைத்தியமாகிவிடுவார். இவர் 'சிட்டு' எல்ஸ்பெத். சிட்டுக்குருவிக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆறடி உயரம், ஐஸ் பெட்டியைத் தனியாளாகத் தூக்கும் தோள், தெருமுனையில் பேசினால் துறைமுகத்தில் கேட்கும் குரல். ஆள் குள்ளமாக இருந்த அப்பா ஜார்ஜுக்கு ஊர் வைத்த பெயர், மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. வயது அறுபத்திரண்டு. நண்டு கேட்டு வந்தவரிடம், "இன்னிக்கு நண்டு சரியில்ல, வாங்காத. காசு மிச்சம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் மீன்காரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஊருக்கு வடக்கே, செங்குத்துப் பாறையின் விளிம்பில் டன்கோரி கோட்டை நிற்கிறது. நிற்கிறது என்று மரியாதைக்குச் சொல்கிறோம். நானூறு வருஷம் பிரபுக்கள் சண்டையும் விருந்துமாக அதில் வாழ்ந்து தீர்த்தார்கள். கடைசியாக வாங்கிய கப்பல் முதலாளி, கூரையுள்ள கட்டடத்துக்குத்தான் வரி என்று தெரிந்ததும் 1953இல் கூரையைக் கழற்றிவிட்டு நடையைக் கட்டினார். முதலில் மழை உள்ளே போனது, பிறகு ஊர் போனது. மீன் தள்ளுவண்டியிலும் குழந்தை வண்டியிலும் கல் இறங்கி வந்து பன்றிக் கொட்டிலாகவும் தோட்டச் சுவராகவும் மாறியது. ஞாயிறு காலை, ஆராதனை நேரம்தான் அதற்குத் தோது. தேவாலயத்தில் பாதி இருக்கை காலியாகக் கிடந்ததைப் பற்றிப் போதகர் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. அவர் வீட்டுப் படியும் சிவப்புதான்.

அந்த முதலாளியின் பேரன் சென்ற வசந்தத்தில் கோட்டையை ஊருக்கே எழுதிக் கொடுக்கச் சம்மதித்தார். ஊர் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் பொறியாளர் அம்மாள் ஒருவர் வந்து, கடல் பக்கச் சுவரின் பெரிய ஜன்னலைக் காட்டினார். ஜன்னலுக்கு மேலே பாரம் தாங்கும் நீளக் கல் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. அக்டோபர் புயலுக்குள் அதை மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் ஜன்னல் விழும், அதோடு சுவரும் விழும். பிறகு நகராட்சி வேலி போட்டு மூடிவிட்டு, மிச்சத்தைக் கடலுக்கு விட்டுவிடும். மாற்றுவதற்கு அதே சிவப்புக் கல் வேண்டும். அந்தக் கல்லை வெட்டிய குவாரியில் இப்போது தண்ணீர் நிரம்பி அன்னப்பறவைகள் நீந்துகின்றன.

கோட்டை போனால் எல்ஸ்பெத்துக்கு என்ன போகிறது என்று கேட்பவர்கள் கடலுக்குப் போகாதவர்கள். துறைமுக வாயில் முழுக்கப் பாறை. திரும்பி வரும் படகு அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் வழி பிடிக்கும். "ஜன்னல்ல வானம் தெரிஞ்சா வா, சுவர் தெரிஞ்சா விலகு" என்பார் ஜார்ஜ். நாற்பது வருஷம் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தார். கருவிகள் வந்த பிறகும் நண்டுப் படகுக்காரர்கள் முதலில் ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் திரையைப் பார்க்கிறார்கள்.

ஆகவே எல்ஸ்பெத் மீனோடு சேர்த்துக் கல்லும் கேட்க ஆரம்பித்தார். மிரட்டலும் உண்டு: "கல்லு தராதவங்களுக்கு இனிமே வால் துண்டுதான்." மூன்று மாதத்தில் இருநூற்றுச் சொச்சம் கற்கள் வேனின் பின்பக்கம் ஏறின. போதகர் வீட்டுப் படியும் வந்தது. சுவரின் பொத்தல்களுக்கெல்லாம் அது போதும். ஆனால் ஜன்னலுக்கு மேலே வைக்க ஏழடிக் கல் ஒன்று வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆறடி ஆளிடம் யார் போய்ச் சொல்வது?

வில்மா டூத்தி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், அவளுக்கென்ன பயம்?

"அந்தப் படியை எப்ப தரப்போற வில்மா?"

"எங்க மாமனார் போட்ட படி. மழையில வழுக்காது. நான் தரேன், நீ முதல்ல உன் வாசலுக்குப் போய் அண்ணாந்து பாரு."

"அது வேற."

"என்ன வேற? உங்கப்பா சிட்டு எடுத்தா வேற, எங்க மாமனார் எடுத்தா திருட்டா?"

எல்ஸ்பெத் மூன்று துண்டு கேட்டவளுக்கு ஐந்து துண்டு சுற்றிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். ஊர் வாசல்களையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தவர், தன் வாசலில் மட்டும் நிமிர்ந்து பார்க்காமலே மூன்று மாதம் போய் வந்திருந்தார்.

இந்தக் கரையில் கல்யாணம் ஆனால், வாசலுக்கு மேலே இருக்கும் கல்லில் இருவரின் முதலெழுத்துகளையும் வருஷத்தையும் செதுக்குவது வழக்கம். ஜார்ஜும் ஜெஸ்ஸியும் மணந்தது 1955இல். கோட்டைக் கூடத்து உள்வாசலிலிருந்து கல்லைப் பெயர்த்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை தள்ளி இழுத்துக் கொண்டுவந்து, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுத்து வெட்டினார் அந்தக் குள்ள மனிதர். 'ஜெ' கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஜெஸ்ஸி அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டினாராம். இருவரும் இப்போது தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அங்கே வைத்த பலகையைவிட எல்ஸ்பெத்துக்கு இந்தக் கல்தான் அப்பா அம்மா.

அவர் கணவர் சாண்டி நாளுக்குப் பத்து வார்த்தை பேசுவார். அன்று கொஞ்சம் அதிகமாகவே செலவழித்தார். "கதவுக்கு மேல இரும்புச் சட்டம் வச்சுக்கலாம். வீடு ஒண்ணும் விழாது. நீ தாங்குவியா, அதச் சொல்லு."

"தாங்கலன்னா உனக்கென்ன, மீன் சுத்தம் பண்ணக் கத்துக்க" என்றார் எல்ஸ்பெத். மறுநாள் கொத்தனார் கேலம் நோபிளுக்குத் தானே போன் செய்தார்.

செப்டம்பர் கடைசியில் கல் இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு எல்ஸ்பெத் உப்பு வெண்ணெய் ரொட்டியும் டீயும் கொடுத்தார், ஏதோ கல்யாண வீடு மாதிரி. கண் சிவந்திருந்தது, கேட்டவர்களிடம் மீனுக்குப் போட்ட புகை என்றார். வில்மா தன் படிக்கல்லைக் கைவண்டியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். 

பாறை மேட்டில், ஜன்னலுக்குக் கீழே கல்லைக் கிடத்தியாயிற்று. தூக்கும் இயந்திரம் தயாராக இருந்தது. கேலம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, எழுத்து இருக்கிற பக்கத்தை உள்ள திருப்பி வச்சிடவா? வெளிய வச்சா வர்ற படகுக்கெல்லாம் தெரியும், கல்லு யார் வீட்டுல இருந்துச்சுன்னு. உங்கப்பா பேரு எதுக்குக் கெடணும்?"

எல்ஸ்பெத் கல்லருகே குந்தினார். கையுறையைக் கழற்றி, சாய்ந்த 'ஜெ'யை ஒரு தடவு தடவினார். பிறகு வேன் பலகையில் மீன் விலை எழுதும் சாக்கட்டியை ஏப்ரன் பையிலிருந்து எடுத்து, அந்த எழுத்துகளுக்கு நேர் கீழே, கடலைப் பார்த்து ஒரு பெரிய அம்புக்குறி போட்டார்.