கட்டின் மேல் ஈரக் கை

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். வீட்டுக்காரரின் பிடிவாதத்தை ஊருக்கெல்லாம் சொன்னது போலாகிவிடுமே என்ற பயம். இப்போது அவரே, "எழுது புள்ள, ஆருக்காவது உதவும்" என்கிறார்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழிந்த நேரம். யுத்தத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த நாங்கள் அப்போதும் கரைத்தீவில்தான் இருந்தோம். களப்பில் வலை இழுக்கும்போது அவருடைய பாதத்தை மட்டி ஓடு வெட்டிவிட்டது. நீரிழிவு என்கிற சீனி வருத்தக்காரர், காயம் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சதையில் ஒட்டாத களிம்புத் துணியை வைத்து, அதன்மேல் கோஸ் துணி வைத்து, பெண்டேஜ் சுற்றி, நனைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவார்கள். இவரோ ஒவ்வொரு தொழுகைக்கும் கட்டை அவிழ்த்து, வுழூ என்ற சுத்தம் செய்யக் காலைக் கழுவி, அதே துணியைத் திரும்பச் சுற்றிக்கொள்வார்.

தடுத்தால், "அல்லாஹ்வுக்கு முன்னால கழுவாத காலோட எப்பிடிப் புள்ள நிக்கிற?" என்பார்.

ஒரு விரல் கறுக்கத் தொடங்கியது. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும் என்றார் டொக்டர். அன்று மருந்து கட்ட வந்த தாதி ஒரு சிங்கள மிஸ்ஸி. கட்டை அவிழ்த்து, ஊறி வெளுத்திருந்த தோலைப் பார்த்தார்.

"ஐயா, நனைச்சதா?"

"இல்ல மிஸ்ஸி."

"ஐயா சொல்றது ஒண்டு. கட்டு சொல்றது வேற ஒண்டு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நடந்ததைச் சொல்லிவிட்டேன். மிஸ்ஸி ஏசவில்லை.

"எங்கட பக்கத்து வீட்டு முஸ்லிம் உம்மாவுக்குக் கை உடைஞ்சது. அவங்க கட்டை அவுக்கல்ல. மேல ஈரக் கையால தடவித்தான் தொழுதது. உங்கட பள்ளிவாசல்ல கேளுங்க. உள்ள மட்டும் நனைய வேணாம்."

அன்றே இவர் மௌலவியிடம் போனார். ஓம், அது சரிதான், காயமில்லாத இடத்தைக் கழுவி, கட்டின் மேல் ஈரக் கையால் தடவி, மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்தால் போதும் என்று அவரும் சொன்னாராம். வீட்டுக்கு வந்து, "அல்லாஹ் இலேசாத்தான் வச்சிருக்கான், நான்தான் பாரமாக்கிட்டன்" என்று அழுதார்.

அடுத்த கிழமை மருந்து கட்டப் போனபோது கட்டு காய்ந்தபடி அவிழ்ந்தது. மிஸ்ஸி சிரித்தார். "இண்டைக்கு ஐயாவும் கட்டும் ஒரே கதை."

விரல் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். இன்றும் விரலிடுக்கில் தண்ணீர் விடும்போதெல்லாம் இவர் அந்த மிஸ்ஸிக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்கிறார்.

இதை வாசிப்பவர்கள் காயத்தோடு தொழும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, கதையைச் சொல்லும்போது அந்தச் சிங்கள மிஸ்ஸியை நம்முடைய ஆளாக, ஒரு முஸ்லிமாக, மாற்றிவிடாதீர்கள். எங்கள் மார்க்கத்தின் இலேசை எங்களுக்கு நினைவூட்ட அல்லாஹ் அனுப்பியது அவரைத்தான்.