தம்பி என்று எழுதிவிட்டாள்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்கென்று பூதலூரில் ரயிலேறிக்கொண்டிருந்த காலம் அது. என் மகன் சிங்கப்பூர் வரைக்கும் போனான். மகள் சென்னையில் இருந்தவள், அவள் அப்பா படுக்கையில் விழுந்ததும் வீட்டுக்கே வந்து, நெல் மூட்டை அடுக்கும் அறையில் மேசை போட்டு உட்கார்ந்தாள். அவர் போன பிறகும் அங்கேயே இருந்துவிட்டாள்.

பகலில் ஒரு கம்பெனிக்குச் சம்பள வேலை. மிச்ச நேரமெல்லாம் வேறொன்று. ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் விவரம் வைத்துக்கொள்ளும் ஒரு புரோகிராம். பல தேசத்து ஆட்கள் சேர்ந்து எழுதுகிறார்கள்; யார் வேண்டுமானாலும் விலையில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். யார் எதை எழுதி அனுப்பினாலும், படித்துப் பார்த்துச் சரி சொல்லிச் சேர்க்கிற சிலரில் இவளும் ஒருத்தி. அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்க முடியாதாம். வருஷக்கணக்கில் வேலையைப் பார்த்துவிட்டு அவர்களாகக் கொடுப்பார்களாம்.

நடவுக்கு வந்தவள் ஒருத்தி, "கூலி இல்லாம கண்ணக் கெடுத்துக்குதே ஒம் பொண்ணு" என்று சிரித்தாள்.

"ஒம் வீட்டுல யாரையும் கூப்புடலையேடி" என்றேன்.

ஒரு மத்தியானம் மகன் போன் செய்தான். அவன் எழுதிய ஒரு பகுதி அந்தப் புரோகிராமில் சேர வேண்டுமாம். சேர்ந்தால்தான் சிங்கப்பூரில் ஒரு ஆஸ்பத்திரி அவன் கம்பெனியோடு ஒப்பந்தம் போடும். "எங்க அக்கா பாத்துக்கும்" என்று முதலாளியிடம் சொல்லி வைத்துவிட்டான்.

"நீ ஒரு வார்த்த சொல்லும்மா. என் வேலையே இதுலதான் இருக்கு."

சொன்னேன். மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவன் எழுதுனதுக்கு நான் சரி சொல்லக் கூடாதும்மா. வேற ஆள்தான் பாக்கணும்."

"கூடப் பொறந்தவன்டி."

"அதனாலதான்."

அன்றே, எல்லாரும் படிக்கிற இடத்தில், 'இவர் என் தம்பி, வேறு யாராவது பாருங்கள்' என்று எழுதிவிட்டாள். வேறு தேசத்தில் ஒருவர் பார்த்தார். ஒரு நோயாளியின் மருந்து இன்னொரு நோயாளியின் பெயரில் விழுகிறது, திருத்துங்கள் என்று திருப்பி அனுப்பினார். திருத்தி முடிப்பதற்குள் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. மகனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு வா என்றேன். வரவில்லை. துபாயில் சின்னதாக ஒரு வேலை தேடிக்கொண்டு போனான்.

அறுவடை சமயத்தில் மகள் அடுப்படிக்கு வந்து நின்றாள். அந்தப் புரோகிராம் எழுதுகிற கூட்டத்தில் மூத்த பொறுப்பாளராக அவளையும் வைத்துவிட்டார்களாம்.

"தம்பி விஷயத்தச் சொல்லித்தான் எல்லாரும் என்னத் தேர்ந்தெடுத்தாங்களாம்மா."

எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. உலை கொதித்திருந்தது. அரிசியைக் களைந்து போட்டேன்.

மகன் இப்போதும் பேசுகிறான், என்னோடு மட்டும். மழை உண்டா, கால் வலி எப்படி என்று கேட்பான். அக்காவிடம் கொடுக்கவா என்று முன்பெல்லாம் கேட்பேன். இப்போது கேட்பதில்லை. போனை வைக்கும் வரைக்கும் அவள் நிலைப்படியிலேயே நிற்பாள்.

"சாப்ட்டானாமா?"

"சாப்ட்டானாம்."

மேசைக்குத் திரும்பிப் போவாள்.