கொலுவில் வைத்த பவளம்

கடலே இல்லாத ஹைதராபாத்தில் குடியிருந்துகொண்டு, கடலுக்கடியில் போட்டோ எடுப்பதுதான் என் தொழில் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். "எங்க, ஹுசேன்சாகர்லயா?" என்பார்கள், ஊர் நடுவிலிருக்கும் ஏரியைச் சொல்லி. இந்த ஜோக்கை ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்வதுதான் எரிச்சல். போனை எடுத்து, மன்னார் வளைகுடாவில் நான் எடுத்த ஆமையைக் காட்டுவேன். அது நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும். சிரிப்பு நின்றுவிடும். நான் நன்றாக எடுக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

அம்மாவுக்குத்தான் வெட்கம். அப்பா இங்கே ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகும், பழைய சிநேகிதிகளை விட்டு வரமாட்டேன் என்று அம்மா ஒரே பிடிவாதம். பக்கத்திலேயே ஃபிளாட் வாங்கினார்கள். அந்தச் சிநேகிதிகளின் பிள்ளைகள் எல்லாம் ஐ.டி. கம்பெனியில். நானும் இருந்தேன். வேலையை விட்டுவிட்டு டைவிங் கற்றுக்கொள்ளப் போனபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "மூச்சு விட முடியாத எடத்துல உனக்கு என்னடி வேலை?" அதற்கப்புறம் யார் விசாரித்தாலும், "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா" என்று சமாளித்துவிடுவாள். நான் எடுத்த படம் பத்திரிகையில் வந்தபோதுகூட அதை மடித்துப் பூஜை அலமாரிக்குள் வைத்தாளே தவிர, ஒருத்தரிடமும் காட்டவில்லை. எனக்கு அது வலித்தது. ரொம்பவே வலித்தது.

அதனால்தான் போன நவராத்திரியை என்னால் மறக்க முடியாது.

பாம்பன் பக்கம் வேலை முடிந்து, பெட்டியும் படுக்கையுமாகக் காலையில் வீட்டுக்குள் நுழைகிறேன். கூடத்தில் கொலு. வழக்கமான படிகள், வழக்கமான தசாவதாரம், செட்டியார் பொம்மை. ஆனால் படிக்குக் கீழே, வருஷாவருஷம் கிரிக்கெட் மைதானமோ கல்யாண ஊர்வலமோ வைக்கிற இடத்தில், ஒரு கடல்! நீலத் துணி விரித்து, மணல் கொட்டி, பிளாஸ்டிக் மீன்களை நூலில் தொங்கவிட்டு, பின்னால் சுவர் முழுக்க என் ஆமையை ஃபிளெக்ஸ் அடித்து மாட்டியிருந்தாள். கீழே தமிழிலும் தெலுங்கிலும் "கடலைக் காப்போம்".

என் அம்மா! கேமராப் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றேன்.

"சாயந்தரம் எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன்" என்றாள், புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே. "வழக்கமா எல்லாரும் பாடுவாங்க. நீ பாட வேணாம். உன் வேலையப் பத்திப் பேசு. எம் பொண்ணு பேசுவான்னு சொல்லி வச்சிருக்கேன்."

அப்போதுதான் மணலுக்கு நடுவே அதைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, மான்கொம்பு மாதிரிக் கிளைத்து, ஒரு பெரிய பவளம். பிளாஸ்டிக் இல்லை. நிஜம்.

"இது எங்கேருந்து வந்தது?"

"மாமாகிட்டச் சொல்லி வரவழைச்சேன்" என்றாள் பெருமையாக. மாமா என்றால் அவளுடைய தம்பி, ராமநாதபுரத்தில் இருக்கிறார். "நீ நெசக் கடலப் பாத்தவ. உனக்கு வைக்கிற கொலுவுல பொய்ப் பவளம் வச்சா நல்லாவா இருக்கும்? அவன் கடை கடையா அலைஞ்சு வாங்கி, பஞ்சுல சுத்திப் பஸ்ல ஏத்தி விட்டான்."

கோபம் எனக்கு மூக்குக்கு மேலே வரும், ஊருக்கே தெரியும். "அம்மா, இது பொணம்மா" என்று கத்திவிட்டேன். "உயிரோட இருந்தத உடைச்சு எடுத்து, மருந்துல ஊறப் போட்டு வெளுத்து விக்கிறாங்க. இத வீட்ல வச்சுக்கிறதே சட்டப்படி தப்பு. இத வாங்காதீங்கன்னு ஸ்கூல் ஸ்கூலாப் போய்த் தொண்டை கிழியப் பேசிட்டிருக்கேன் நான். இது முன்னாடி நின்னு நான் என்னத்தப் பேசுறது? முதல்ல எடும்மா."

அம்மா முகம் சுருங்கிப் போனது. ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "கலசம் வச்சாச்சு. வச்ச கொலுவுல விஜயதசமி வரைக்கும் கை வைக்கக் கூடாது."

"இது படியில இல்லையே, தரையிலதானே இருக்கு."

"தரையில இருந்தாலும் கொலு கொலுதான்."

"யாராவது கேட்டா நான் உண்மையத்தான் சொல்வேன்."

"சொல்லு. வந்தவங்க முன்னாடி உங்கம்மா முட்டாள்னு சொல்லு." உள்ளே போய்விட்டாள். சமையலறையில் பாத்திரங்கள் அடி வாங்கிய சத்தம் கேட்டது.

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இத்தன வருஷங் கழிச்சு இப்பத்தான் வாயத் தொறந்து எம் பொண்ணுங்கறா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது தெரியாதா என்ன? இவளுடைய பெருமையை உடைத்தால், மறுபடியும் பழைய "கம்ப்யூட்டர்ல ஏதோ"வுக்கே போய்விடுவாள். உடைக்காமல் பேசினால், நான் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் பொய். டைவிங் கண்ணாடியைக் கழுவிக் காயவைக்கிற சாக்கில் பால்கனியிலேயே மதியம் வரை உட்கார்ந்திருந்தேன்.

சுண்டலுக்குத் தாளித்துவிட்டு அம்மாவே வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். "உசுரோட இருந்தா அது எப்படி இருக்கும்?"

லேப்டாப்பைத் திறந்தேன். அதே வகைப் பவளம், போன வாரம் எடுத்தது. கலங்கல் தண்ணீர், அங்கே ஃபிளாஷ் அடித்தால் மிதக்கிற தூசியெல்லாம் மாவு சலித்த மாதிரி படத்தில் விழும். அதனால் விளக்குகளைப் பக்கவாட்டில் தள்ளி வைத்து, அசையாமல் காத்திருந்து எடுத்த படம். தேன் நிறத்தில் கிளைகள், நுனியெல்லாம் லேசான நீலம். பெரிதாக்கிக் காட்டினேன். கிளை முழுக்கக் குட்டிக் குட்டி வாய்கள், ஒவ்வொன்றையும் சுற்றிப் பொடிப்பொடி விரல்கள், நீட்டிக்கொண்டு. கிளைகளுக்கு நடுவே கடுகு போல மீன் குஞ்சுகள்.

"இதுவா அது?"

"இதுதாம்மா. வெள்ளையா இருக்கறது இதோட எலும்பு."

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். எழுந்து முகம் கழுவப் போனாள்.

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. பட்டுப்புடவைகள், மல்லிகைப்பூ, ஒருவர் பாட இன்னொருவர் எடுத்துக் கொடுக்க, பிள்ளைகள் தங்களுக்குள் ஹிந்தியில் கலாட்டா. எதிர் ஃபிளாட்டுப் பெண், நாலாவது படிக்கிறவள், பவளத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள். "ஆன்ட்டி, யே அஸ்லி ஹை?" நிஜமா என்று கேட்கிறது குழந்தை. வாயைத் திறந்தேன்.

"ஹவ், அஸ்லி" என்று அம்மா முந்திக்கொண்டாள். அவளுடைய ஹிந்தி, காய்கறிக்கடை ஹிந்தி. "ஜிந்தா தா. அபி மர் கயா." ஆமாம், நிஜம்தான்; உயிரோடு இருந்தது, இப்போது செத்துவிட்டது.

குழந்தைக்கு முகம் மாறிவிட்டது. "ஃபிர் கைக்கு லாயே?" அப்புறம் ஏன் கொண்டு வந்தீர்கள்?

பாட்டு நின்றுவிட்டது. அம்மாவின் காது சிவந்ததைப் பார்த்தேன். போதும்மா, விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"எனக்குத் தெரியல" என்று தமிழிலேயே, எல்லாருக்குமாகச் சொன்னாள். "அழகா இருக்கேன்னு வாங்கிட்டேன். இது கல்லு இல்லயாம். கடலுக்குள்ள ஒரு ஊரே இதுக்குள்ள குடியிருக்குமாம். எம் பொண்ணு அதத்தான் போட்டோ புடிக்கிறா. இனிமே ராமேஸ்வரம் போனா யாரும் வாங்காதீங்க. நான் வாங்கினதே போதும்." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் படத்த எல்லாருக்கும் காட்டு. பெருசு பண்ணிக் காட்டு" என்றாள்.

காட்டினேன். நான் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் பேசியிருக்கிறேன். அன்றைக்கு மாதிரி யாரும் வாய் பிளந்து கேட்டதில்லை. ஆனால் நிஜத்தைச் சொல்வதென்றால், எனக்குப் பாதிப் பேச்சு அழுகையாகத்தான் வந்தது. தெலுங்குக்கார ஆன்ட்டி ஒருவர் தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, தன் வீட்டு ஷோகேஸில் இதேபோல ஒன்று பல வருஷமாக இருக்கிறது, என்ன செய்வது என்று காதோடு காதாகக் கேட்டார்.

மிச்ச நாளெல்லாம் வந்த ஒவ்வொருவருக்கும், சுண்டல் கொடுப்பதற்கு முன்னாலேயே அம்மா இதைச் சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள். மாமாவைப் போனில் பிடித்து, அந்தக் கடைக்காரரிடமும் போய்ச் சொல்லச் சொன்னாள். மாமா பாவம், பாராட்டுவாள் என்று ஆசையாகப் போனை எடுத்திருப்பார்.

விஜயதசமி முடிந்து கலசத்தை எடுத்த பிறகு, பவளத்தை வனத்துறையில் ஒப்படைத்துவிடலாம் என்றேன். நானே போய்க் கொடுத்துவிடுகிறேன், கேள்வி கேட்பார்கள் என்றதற்கு, "வச்சது நானு. என்னையக் கேக்கட்டும்" என்று அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். தெலுங்கு ஆன்ட்டியும் தன்னுடையதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். அங்கே இருந்த அதிகாரி அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டார். இதுவரை யாரும் தானாகக் கொண்டுவந்து கொடுத்ததில்லை என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா காலி மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இத ஒடைச்ச எடத்துல மறுபடி மொளைக்குமாடி?"

"மொளைக்கலாம்மா. தொந்தரவு பண்ணாம விட்டா. ஆனா ரொம்ப மெதுவா வளரும். வருஷக்கணக்கு ஆகும்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீ வருஷாவருஷம் தண்ணிக்குள்ள போய்ப் பாரு" என்றாள். "வளர்ந்திருக்கான்னு எனக்கு வந்து சொல்லு."