உட்காரச் சொன்னது யார்?

வெர்லீன் டப்ஸ் கோபக்காரி. கிம்பல் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வெந்நீரோடும் ரத்தக்கறையோடும் காலம் தள்ளியவள். புதிதாக வந்த மேற்பார்வையாளன் ஒருவன் "ஏ பொண்ணே" என்று கூப்பிட்டதற்கு, கையிலிருந்த ஈரப் போர்வையை அவன் காலடியில் தொப்பென்று போட்டு, "என் பேரு மிஸஸ் டப்ஸ். அதைக் கத்துக்கிட்டு வா, அப்புறம் வேலை சொல்லு" என்றவள்.

அந்தக் கோபம் அமெரிக்காவின் தெற்கே, அலபாமாவில் பிறந்தது. அவள் அப்பா பருத்தி போட்ட நிலமும் பண்ணைக்காரனுடையது, குடியிருந்த வீடும் அவனுடையது. பண்ணைக்காரனின் கங்காணி கேட்டுக்கொண்டெல்லாம் உள்ளே வரமாட்டான். நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து, பண்ணைக் கோழி எதுவும் வேகிறதா என்று பார்ப்பான். அப்பா சுவரோரம் ஒதுங்கி நிற்பார். சின்னப் பிள்ளையாக அதைப் பார்த்தவள்தான், வயது வந்ததும் வடக்கே பஸ் ஏறி இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்தாள். கல்யாணம் ஆனது, புருஷன் ஹோசியாவும் அவளும் கடன் போட்டு ஒடுக்கமான மரவீடு ஒன்றை வாங்கினார்கள். பாதிக் கடனில் அவன் செத்துப்போனான். மீதியை இவளே துணி துவைத்து அடைத்தாள். வீட்டுப் பத்திரம் கைக்கு வந்த அன்று வாசல் கதவுக்குத் தானே பச்சை வண்ணம் அடித்தாள்.

தெற்கிலிருந்து வந்த சனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பனிக்காலத்தில் கதவைத் தட்டுகிறவரை முதலில் உள்ளே இழுத்துவிட்டு, அப்புறம்தான் யார் என்ன என்று கேட்பார்கள். குளிரில் ஒருத்தரை நிற்க வைத்துப் பேசுவது மரியாதை இல்லை. கதவைத் திறந்துவைத்தால் சூடும் வெளியே போகும், எரிவாயுக் காசும் போகும்.

அந்த ஜனவரிச் சனிக்கிழமையும் அப்படித்தான். அடுப்பில் பன்றிக்காலோடு காராமணி வெந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தால் மேல்கோட்டில் பனி படிந்த இரண்டு ஆட்கள்.

"வாங்க, உள்ள வாங்க, கதவைச் சாத்துங்க" என்றாள்.

சாத்திய பிறகுதான் பெரியவன் கோட்டை விலக்கிப் போலீஸ் வில்லையைக் காட்டினான். பேர் பிரானக்.

"உங்க தம்பி கிளியோடிஸ் இங்கதான இருக்கான்?"

"வேலைக்குப் போயிருக்கான். வாரண்ட் இருக்கா?"

"நீங்கதான அழைச்சீங்க, மேடம்! விருந்தாளிக்கு எதுக்கு வாரண்ட்?" கூட வந்தவன் சிரித்தான்.

"குளிருக்கு அழைச்சேன். இப்ப கெளம்புங்க."

"உக்காருங்க" என்று பிரானக் அவள் தோளில் கை வைத்து நாற்காலியில் அழுத்தினான். இரண்டு தரம் எழுந்தாள். இரண்டு தரமும் அழுத்தி உட்கார வைத்தான். கூட வந்தவன் அடுப்பில் இருந்த சட்டியின் மூடியைத் தூக்கி, "வாசம் தூக்குதே!" என்றான்.

பிரானக் கீழ்த்தளத்துக்குப் போனான். தம்பி படுக்கும் இடம் அது. மெத்தை கிழியும் சத்தம் மேலே கேட்டது. காலுறையில் சுற்றிய கைத்துப்பாக்கி ஒன்றோடு ஏறி வந்தான்.

கிளியோடிஸ் முன்பே ஒரு தரம் சிறைக்குப் போய் வந்தவன். சிறைக்குப் போனவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. அவன் வேலை பார்த்த கார் கழுவும் கடையில் வைத்தே அவனுக்கு விலங்கு போட்டார்கள். இந்த முறை உள்ளே போனால் கிழவனாகத்தான் வெளியே வருவான்.

கிளியோடிஸுக்காக வாதாட அரசாங்கம் அமர்த்திய வக்கீல், மிஸ் கெஸ்லர் என்ற சின்னப்பெண், வெர்லீனுக்கு விளக்கினாள்.

"வீட்டுக்குள்ள விட்டது வேற, தேட விட்டது வேறம்மா. வாரண்ட் இல்லாம தேடணும்னா நீங்க மனசார சம்மதிச்சிருக்கணும். அரசியல் சட்டத்துலயே இருக்கு. முறைகெட்டு எடுத்ததைக் கோர்ட்டுல காட்ட முடியாது."

"துப்பாக்கி அங்க இருந்தது நெசந்தானே?"

"இருந்தது."

"அதைக் கொண்டாந்து வச்ச நாயை நான் தனியாக் கவனிச்சுக்கறேன். ஆனா அதுக்காக என் வீடு அவனுங்க வீடாயிடுமா?"

"ஆகாது. கோர்ட்டுல மட்டும் கோவப்படாதீங்க. கேட்டதுக்குப் பதில், அவ்வளவுதான்."

விசாரணையில் பிரானக் கூசாமல் சொன்னான்: அந்த அம்மா வரவேற்றார், கீழ்த்தளக் கதவையும் கையால் காட்டினார், போகச் சொல்லவே இல்லை. கூட வந்தவனும் அதையே ஒப்பித்தான். இரண்டு வாய்க்கு எதிரே ஒரு வாய்.

வெர்லீன் கூண்டில் ஏறினாள். அரசுத்தரப்பு வக்கீல் தேனொழுகக் கேட்டான்: "உள்ள வாங்கன்னு சொன்னீங்களா?"

பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. "சொன்னேன்."

மிஸ் கெஸ்லர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவங்க தேடின நேரம் பூரா நீங்க நாற்காலியில அமைதியா உக்காந்திருந்தீங்க. எந்திரிக்கவே இல்ல. சம்மதம் இல்லாமலா அப்படி உக்காந்திருப்பீங்க?"

அவ்வளவுதான்.

"அமைதியாவா? என் வீடு! என் நாற்காலி! என்னை உக்காரச் சொன்னது யாரு? ரெண்டு தடவை எந்திரிச்சேன், ரெண்டு தடவையும் தோளை அழுத்தி உக்கார வச்சான். என் புருஷன்கூட என்னை அப்படித் தொட்டதில்ல! இதுக்குப் பேரு சம்மதமாய்யா?"

மேசையில் தட்டி நீதிபதி அவளை அடக்கினார். பிறகு பிரானக்கைத் திரும்ப அழைத்தார்.

"உக்காரச் சொன்னீங்களா?"

"வழக்கமா சொல்றதுதான், கனம் நீதிபதி. எங்க பாதுகாப்புக்கு."

"எந்திரிச்சா என்ன பண்ணுவீங்க?"

"மறுபடி உக்கார வைப்போம்" என்றான் பிரானக், வேலை தெரிந்தவன் என்ற பெருமையோடு. அரசுத்தரப்பு வக்கீல் பேனாவைக் கீழே வைத்தான்.

சொந்த வீட்டில் எழுந்து நிற்க விடப்படாத ஒருவர் தேடச் சம்மதம் தந்தார் என்று கொள்ள முடியாது என்றார் நீதிபதி. துப்பாக்கி சாட்சியத்திலிருந்து தள்ளப்பட்டது. அது இல்லாமல் வழக்கும் இல்லை.

பிரானக்கை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். கிழிந்த மெத்தைக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

கோர்ட்டு வாசலில் கிளியோடிஸ் இரண்டு கையையும் விரித்து வந்தான். "அக்கா! ஜெயிச்சுட்டோம்!"

"யாருடா ஜெயிச்சது? நீயா?" அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். "அவனுங்க என்னைக் கேக்காம எடுத்தானுங்க. நீ என்னைக் கேக்காம கொண்டாந்து வச்ச. உனக்கும் அவனுங்களுக்கும் என்னடா வித்தியாசம்? சாவியக் குடு."

"அக்கா, அது எதுக்குன்னா, தெருவுல ரெண்டு பேரு என்னைத் தேடிக்கிட்டு..."

"சாவியக் குடுன்னேன்."

கொடுத்தான். வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே வந்து நின்றான். ஏரிக்காற்று முகத்தைக் கிழித்தது.

"அப்ப நான் எங்கக்கா போறது?"

"என்னைக் கேட்டுப் பாரு. மொறையா கேளு."

அவன் கேட்டான். பஸ் வந்ததும் அவள் ஏறி இரண்டு பேருக்கும் காசு போட்டாள்; சாவி மட்டும் கைப்பைக்குள்ளேயே இருந்தது.