ஒன்பது கஜம்

ஆர்வில் ஹேகன் எங்கள் ஹால்வர்சன் கல்லூரி மைதானத்தில் முப்பத்தெட்டு வருடம் புல் வெட்டிக் கோடு போட்டவர். ஆற்றுக்கு அக்கரையில் பெல்டன் கல்லூரி. இரண்டு கல்லூரிக்கும் நவம்பரில் நடக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நெருங்கினால் எங்கள் ஊர் நாவிதர் பெல்டன்காரனுக்கு முடி வெட்டமாட்டார். ஜெயிக்கிறவர்களுக்குப் பரிசு துருப்பிடித்த ஒரு பால் கேன். அதற்காகப் பல் உடைந்தவர்கள் இரண்டு கரையிலும் உண்டு.

நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த வருடம், ஆட்டத்தன்று விடிந்ததும் மைதானத்துக்குப் போனேன். புல் முழுக்க உறைபனி. அதில் நட்டநடுவே தொடங்கிய ஒரு ஜோடி பூட்ஸ் தடம், எல்லைக்கோட்டுக்கு ஒன்பது கஜம் இருக்கும்போது நின்றிருந்தது. உள்ளே வந்த தடமும் இல்லை, வெளியே போன தடமும் இல்லை.

"பெல்டன் பசங்க வேலையா ஆர்வில்?"

"இல்லப்பா. வருஷா வருஷம் வரும். மிதிச்சு அழிச்சிடு."

காப்பி குடிக்கும்போதுதான் சொன்னார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் பெல்டனின் லைல் ப்ரோடி பந்தை நெஞ்சோடு இடுக்கிக்கொண்டு ஓடிவந்தான். ஒன்பதாவது கஜத்தில் மடக்கி வீழ்த்தியது அப்போது எங்கள் அணியில் ஆடிய ஆர்வில். ஆட்ட விதிப்படி சரியான பிடிதான். ஆனால் லைல் எழுந்திருக்கவேயில்லை.

"எங்காளுங்க கை தட்டினாங்க. நானும் தட்டினேன். கழுத்து முறிஞ்சது அப்போ யாருக்குத் தெரியும்?"

அவர் ஓய்வு பெறவிருந்த வருடம், ஆட்டத்தன்று காலையில் மூடுபனி. எனக்கு முன்பே வந்து அந்த ஒன்பதாவது கஜத்தில் நின்றிருந்தார். "பேசாம அங்கேயே நில்லு" என்றார்.

சரக், சரக் என்று புல்லில் உறைபனி நொறுங்கும் சத்தம். யாரையும் காணோம். புல்லில் மட்டும் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே அவரை நோக்கி வந்தன.

ஆர்வில் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். "போ லைல். நான் புடிக்கல."

தடங்கள் அவரைத் தாண்டி, எல்லைக்கோட்டையும் தாண்டின. சத்தம் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதற்குள் மறுபடியும் சரக், சரக். இந்த முறை ஓட்டமில்லை, நடை. திரும்பி வந்த தடங்கள் ஆர்விலின் பூட்ஸ் முனைக்கு எதிரே வந்து நின்றன.

ஆர்வில் வலக்கையை நீட்டினார். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் கை குலுக்குவதுண்டு. அறுபத்து மூன்றில் அது நடக்கவில்லை.

"நல்லா ஆடுனப்பா" என்றார். யாரோ பற்றியிருப்பதுபோல் கை வெகுநேரம் அந்தரத்தில் இருந்தது.

பிற்பகல் ஆட்டத்தில் அவர் போய் உட்கார்ந்தது பெல்டன்காரர்கள் பக்கம். "ஏய் ஆர்வில், வயசாச்சுன்னு கரை மாறிட்டியா?" என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிவரை இருந்தார். பக்கத்திலிருந்த பெல்டன்கார அம்மாள் சூடான காப்பி கொடுத்தபோது இடக்கையால்தான் வாங்கினார். காலையில் விறைத்த வலக்கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை.